ஒன்றரைக் கோல் தெற்கே

நான் நிலம் அளப்பவள். அரசாங்க உத்தியோகம் இல்லை. லைசன்ஸ் எடுத்து, சொந்தமாகக் கருவி வாங்கி, கிழக்கே ஒற்றசேகரமங்கலம் முதல் மேற்கே பூவார் வரை யார் கூப்பிட்டாலும் போய் அளந்து கொடுப்பேன். இந்தப் பக்கத்தில் எல்லாரும் என்னை ‘சாறே’ என்றுதான் கூப்பிடுவார்கள். பொம்பளையைச் சார் என்பதா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இங்கே டீச்சரும் சார், வில்லேஜ் ஆபீசில் இருக்கிற அம்மாவும் சார், முட்டுவரை சேற்றோடு எல்லைக்கல்லைத் தோண்டுகிற நானும் சார்.

எல்லை அளக்கிற இடத்தில் மெதுவாகப் பேசினால் வேலை நடக்காது. அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கம் நின்று கத்தும்போது, நடுவில் நிற்கிறவள் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தவேண்டும். அப்படிக் கத்திக் கத்தி, சாப்பாட்டுக்கு உப்பு கேட்டாலும் சண்டைக்கு வருகிற மாதிரி ஆகிவிட்டது என் பேச்சு. வீட்டில் உள்ளவர்களுக்குப் பழகிவிட்டது.

சொல்ல வந்தது ஒரு குற்றியின் கதை.

பெருங்கடவிளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டிச் சின்னச் சின்னத் துண்டுகளாக விற்றிருந்தார்கள். ஜேசிபி வைத்து மண்ணை நிரத்தியவன் எல்லைக்கற்களையும் சேர்த்துப் புதைத்துவிட்டான். ரோட்டோரம் ஒரே ஒரு கல் தப்பிக் கிடந்தது. அந்தத் தோட்டத்தில் மூன்று சென்ட்டை ஒரு நர்ஸும் அவள் புருஷனும் வாங்கியிருந்தார்கள். அவள் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை வார்டில் வேலை பார்க்கிறவள். பதினொரு வருடமாக அங்கேதான். புருஷன் நெய்யாற்றின்கரையில் பேக்கரி வைத்திருக்கிறான். அவள் மூன்று வாரம் லீவில் வந்திருந்தாள். திரும்பிப் போகும் முன் வீட்டுக்கு அஸ்திவாரக் கல் போட்டுப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். அதுதான் அவளுக்கு ஒரே ஆசை.

இந்தப் பக்கத்தில் கல் போடும் முன் குற்றியடி என்று ஒன்று உண்டு. தச்சு ஆசாரி வந்து கன்னிமூலையில், அதாவது வீட்டின் தென்மேற்கு மூலை எங்கே வருமோ அங்கே, ஒரு மரக்குற்றியை முளையாக அடிப்பார். பிறகு கல் விழுவது அதை ஒட்டித்தான். ஒருமுறை அடித்த குற்றியை யாரும் பிடுங்கமாட்டார்கள். பிடுங்கினால் வீடு விளங்காது என்பது பேச்சு. நர்ஸின் குடும்பம் பழைய மிஷன் சபைக்காரர்கள். நானும் அதே கூட்டம்தான். நாள் கோள் பார்ப்பது பாவம் என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் குற்றி மட்டும் அடித்தாகவேண்டும். ஆசாரி அடிப்பார், போதகர் ஜெபிப்பார், எல்லாரும் சாயா குடிப்போம்.

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் குற்றியடி. என்ன கணக்கு என்று நான் புருஷன்காரனிடம் கேட்டேன்.

“போதகருக்கு அப்பந்தான் சௌகரியம் உண்டு சாறே. நாங்க நேரம் ஒண்ணும் பாக்கமாட்டோம்.”

“பாக்கண்டாம், பாக்கண்டாம்,” என்றார் ஆசாரி, நூலைச் சுற்றிக்கொண்டே. “ராகுகாலம் பத்தரைக்குத் தன்னால கழிஞ்சிரும்.”

ஒன்பதரைக்கே நான் கருவியை நட்டுவிட்டேன். ரோவர் என்போம். ஒரு நீளக் கம்பு, அதன் தலையில் வெள்ளைக் காளான் மாதிரி ஓர் ஆன்டெனா, கையில் ஒரு சின்னத் திரை. மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுகளிடம் தூரத்தைக் கேட்டு நான் நிற்கும் இடத்தைச் சொல்லும். எல்லாம் சரியாக இருந்தால் திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று வரும். அப்போது இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பிசகாது. சரியில்லை என்றால் ‘ஃப்ளோட்’ என்று வரும். அதற்கு அர்த்தம், கருவி குத்துமதிப்பாகச் சொல்கிறது, நம்பாதே என்பது. இன்னொரு விதியும் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் தெரிந்த ஒரு கல்லின்மேல் வைத்துச் சரிபார்க்கவேண்டும். என்னிடம் வேலை பழகியவர்களை இந்த விதிக்காகவே நான் திட்டியிருக்கிறேன்.

அன்று ஃபிக்ஸ் வரவே இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. மரமெல்லாம் வெட்டியாச்சு. தலைக்குமேல் மறைப்பு ஒன்றும் இல்லை. கருவியை அணைத்துப் போட்டேன். இடம் மாற்றினேன். ஆன்டெனாவைத் துடைத்தேன். ஃப்ளோட்தான். பத்து நாற்பதுக்குப் போதகர் பைக்கில் வந்து இறங்கினார். பன்னிரண்டு மணிக்குப் பாறசாலைப் பக்கத்தில் அவர் ஒரு கல்யாணம் நடத்தவேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே “தொடங்கலாமா?” என்றார். சொந்தபந்தம் இருபது பேர் வெயிலில் நின்று என் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் ஃப்ளோட் என்றுதான் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, “கிட்டியாச்சு, இங்கதான்,” என்றேன். ரோட்டோரக் கல்லின் பக்கம் நான் போகவே இல்லை.

தெற்கு எல்லை எங்கே என்று குறித்தேன். அதிலிருந்து அறுபது சென்டிமீட்டர் உள்ளே வீட்டின் மூலை. ஆசாரி உடனே சுத்தியலை எடுப்பார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் டேப்பை இழுத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லுக்குப் போய்விட்டார். அளந்து, வாய்க்குள் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

“சாறே, ஒரு காரியம் சொன்னா கோவிக்கப்பிடாது.”

“கோவிப்பேன். சொல்லும்.”

“அந்தக் கல்லுலேருந்து பிடிச்சா கணக்கு ஒக்கல்ல. ஒண்ணரைக் கோலு தெக்க போயிருக்கு.”

கோல் என்பது ஆசாரிகளின் அளவு. ஒரு கோல் எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.

“உம்ம டேப்பு எப்ப வாங்கினது ஓய்?”

“போன மாசம்.”

“அப்ப கண்ணுதான் பழசு. மேலேருந்து இருபது சாட்டிலைட்டு பாத்துச் சொல்லுது. ஆகாசம் பொய் சொல்லாது. உம்ம நூலு சொல்லும்.”

கூட்டம் சிரித்தது. எனக்கும் அது அப்போது பிடித்திருந்தது.

“நான் கூலிக்காரன். அடிக்கச் சொன்ன இடத்துல அடிக்கேன்,” என்றார் ஆசாரி. “ஆனா ஒண்ணரைக் கோலு ஆக்கும்.”

“மேஸ்திரியண்ணா, சாறு சொல்லியாச்சுல்லா. நேரம் போவுது,” என்று ஆசாரியை அவசரப்படுத்தினான் நேரம் பார்க்காத புருஷன்காரன்.

குற்றி இறங்கியது. போதகர் ஜெபித்தார். பேக்கரியிலிருந்து கொண்டுவந்த பழம்பொரியை இரண்டு தின்றேன்.

மத்தியானம் ஒற்றசேகரமங்கலத்தில் வேறொரு வேலை. அங்கே கம்பை ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து திரையைப் பார்த்தால், கம்பு நட்ட இடத்தில் நிற்கிறது, ஆனால் திரையில் அது நடக்கிறது. பத்து நிமிடத்தில் அரை மீட்டர் வடக்கே போய்விட்டது. அப்புறம் திரும்பி வந்தது. அப்புறம் கிழக்கே போனது. கருவியைத் திட்டினேன். கெட்ட வார்த்தையில்தான். வீட்டுக்காரர் பயந்துபோய், “சாறே, வேற ஒருநாளு அளக்கலாம்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தி ஒரு படம் போட்டிருந்தாள். லடாக்கில் வானம் ரத்தம் மாதிரி சிவந்து கிடந்ததாம். அடியில் ‘கர்த்தரின் வருகை சமீபம்’ என்று எழுதியிருந்தாள். போன மாதம் உள்ளி விலை ஏறியபோதும் இதையேதான் எழுதினாய் என்று பதில் போட்டேன். சிவந்த வானமும் நடக்கிற கம்பும் ஒரே காரியம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. முன்னால் இருந்தவளின் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றரைக் கோலைப் பெருக்கிப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை ஆறரைக்குத் தனியாக அந்த இடத்துக்குப் போனேன். கம்பை நட்டதும் ஃபிக்ஸ் வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரோட்டோரக் கல்லில் வைத்துப் பார்த்தேன். சரி. குற்றிக்கு வந்தேன். ஒரு மீட்டர் எட்டு சென்டிமீட்டர் தெற்கே தப்பு. அதாவது குற்றி நிற்பது பக்கத்து மனையில், அரை மீட்டர் உள்ளே. நம்பாமல் முட்டுக்காலில் உட்கார்ந்து டேப்பாலும் அளந்தேன். அதே ஒரு மீட்டர் எட்டு.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முப்பத்தைந்து வயது இருக்கும் ஒருத்தி இறங்கினாள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. ரயில் பிடிக்கப் போகிறவள்.

“என்ன அளக்குதிய?”

“கண்ணு தெரியல்லியா? நிலம்.”

“தெரியுது. எனக்க நிலத்துல இருந்துட்டு அளக்குதியளே, அதாக்கும் கேட்டேன்.”

எழுந்து நின்றேன். தெற்கு மனைக்காரி. குற்றியைக் காட்டினாள். “இது ஆருக்க?”

“பக்கத்து வீட்டுக்காரங்களுக்க. சனிக்கிழமை அடிச்சது. மெஷீன் பிசகிட்டு.”

கத்துவாள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“சனியாழ்ச்சயா? எத்தன மணிக்கு?”

“பத்தே முக்கால்.”

“எக்கா, அண்ணைக்கு எங்களுக்க மெஷீனும் ஆடிப்போச்சு. காந்தப் புயலு.”

“புயலா? ஒரு எல அசையல்ல பிள்ளே.”

“கீழ அசையாது. மேல.”

அவள் திருவனந்தபுரத்தில் மேல்வளிமண்டலத்தை ஆராயும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறவளாம். ரயிலை விட்டுவிட்டு, அந்தக் குற்றியின் பக்கத்திலேயே நின்று எனக்குச் சொன்னாள். முதலில் நான் நம்பவில்லை. தப்பை மறைக்க நான் கதை தேடவேண்டிய இடத்தில், பாதிக்கப்பட்டவளே வந்து கதை தருகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அவள் சொன்னதில் ஓட்டை ஒன்றும் இல்லை. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

சூரியன் சில நேரம் தன் உடம்பிலிருந்து ஒரு பெரிய பாளத்தைக் கழற்றி எறியும். அது பூமியின் காந்தத்தின்மேல் வந்து மோதும்போது, வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் மேலே, நூறு கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில், மின்சாரம் பாய்ந்து இறங்கும். இஸ்திரிப் பெட்டிக் கம்பி சூடாவதுபோல் அங்கே உள்ள காற்று சூடாகும். அந்த உயரத்தில் சாதாரண நாளிலேயே பல நூறு டிகிரி சூடு உண்டாம். புயல் அன்று அதற்கும் மேலே இன்னும் சில நூறு டிகிரி ஏறும்.

“அவ்வளவு சூடுன்னா சாட்டிலைட்டு உருகிப் போகாதா?” என்று மடக்கினேன்.

“கம்பி மத்தாப்பு கொளுத்தியிருக்கியளா? அந்தப் பொறி கையில பட்டா சுடுமா?”

“சுடாது.”

“அதுக்க சூடு ஆயிரம் டிகிரி ஆக்கும். பொறி தம்மாத்துண்டு, அதுனால சுடல்ல. மேல உள்ள காத்தும் அப்படித்தான். சூடு உண்டு, ஆனா காத்து அங்கொண்ணும் இங்கொண்ணும்.”

சூடான காற்று சும்மா இருக்குமா? பொங்கும். சோற்றுப் பானை பொங்கி வழிவதுபோல் இரண்டு துருவத்திலிருந்தும் காற்று வழிந்து பூமியின் நடுவைப் பார்த்து ஓடி வரும். விமானம் போகிற வேகம் அதற்கு ஒன்றுமில்லையாம். சில மணி நேரத்தில் இங்கே வந்து சேரும். வடக்கே இருந்து ஒன்று, தெற்கே இருந்து ஒன்று, இரண்டும் சந்திப்பது நம் தலைக்குமேல். பூமியின் காந்தத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு, அது இந்தத் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. அங்கே மேலே மின்னேறிய காற்று ஒரு அடுக்காக நிற்கிறது. சாட்டிலைட் சொல்வது அந்த அடுக்கைத் தாண்டித்தான் என் கம்புக்கு வரவேண்டும். துருவத்துக் காற்று வந்து அந்த அடுக்கைக் குலைத்தால், சொல் தாமதமாக வரும். தாமதமாக வந்தால் தூரம் கூடுதல் என்று கருவி நினைத்துக்கொள்ளும்.

“அப்ப லடாக்குல சிவந்தது?”

“அதே புயலு. அங்க நெறம், இங்க பிசகு.”

சித்தியிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

“சனியாழ்ச்சத்த பதிவு மெஷீன்ல கெடக்குமா எக்கா?”

“கெடக்கும். அழிக்கத்தான் போறேன்.”

“அழிச்சிராதிய. எனக்கு வேணும். எங்களுக்க ஆன்டெனா டவுனுலதான். கெழக்க ஒரு எடத்துல என்ன நடந்ததுன்னு கிட்டினா கொள்ளாம். பிசகு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது.”

நான் அவமானப்பட்டுச் சாகிறேன். இவளுக்கு அந்தப் பிசகு இன்னும் கூடுதலாக வேண்டுமாம்.

குற்றியைப் பற்றி அவள் அலட்டிக்கொள்ளவில்லை. “பிடுங்கி அங்கோட்டு மாத்தச் சொல்லுங்க. எனக்கு வழக்கொண்ணும் இல்ல. ஆனா எடம் தர ஒக்காது. எனக்கும் மூணரை சென்டுதான்.” அடுத்த ரயிலுக்கு ஓடினாள்.

பிடுங்கி மாற்று என்று சொல்வது எளிது.

அன்று சாயங்காலம் நர்ஸின் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். என்னிடம் சொல்ல ஒரு புயல் இருக்கிறது. சூரியன், துருவம், காற்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். மத்தாப்பையும் சொன்னேன். புருஷன்காரன் பவ்வியமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்ப சாறுக்க தப்பு இல்ல?”

“ஆகாசத்துக்க தப்பு,” என்றேன். சொல்லும்போது வாயில் இனிப்பாகத்தான் இருந்தது.

“சூரியனப் படைச்சது ஆரு சாறே?”

“தெய்வம்.”

“அந்த நேரம் பாத்துப் புயல விட்டது?”

நான் வாயைத் திறக்குமுன் அவனே முடித்தான்.

“அப்ப குற்றி அங்க நிக்கணும்னாக்கும் சித்தம். நான் பிடுங்கமாட்டேன். அந்தத் தெக்குப்பக்கத்துக் கொச்சு கிட்ட அரை சென்டு கேட்டு வாங்குவேன்.”

“அவ தரமாட்டா. அவளே சொல்லியாச்சு.”

“ஜெபிப்போம்.”

போதகருக்கு போன் போட்டான். அவர், குற்றியைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஜெபித்து அடித்ததைப் பிடுங்குவதென்றால் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். நல்ல ஆலோசனை. யோசித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு ஒரு போதகர் வேண்டுமா?

நர்ஸ் கேட் வரை என்கூட வந்தாள்.

“எக்கா, வியாழனுக்குக் கல்லு போடணும். சனிக்கிழமை எனக்கு ஃபிளைட்டு. இப்பம் கல்லு விழல்லன்னா பின்ன ரெண்டு வருசம் கழிச்சுத்தான் நான் வருவேன். ஆருக்கெல்லாமோ வேண்டி உறக்கம் முழிச்சு உண்டாக்கின பைசா இது. எனக்க வீட்ட நான் போட்டோலயா பாக்கணும்?”

“உனக்க மாப்பிள்ள கிட்ட சொல்லு மக்கா.”

“அவரு கெடக்கட்டு. நிங்க ஒண்ணு சொல்லுங்க. அண்ணைக்கு மெஷீன்ல என்ன எழுதியிருந்து?”

நான் ஸ்கூட்டியின் சாவியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

“எங்க வார்டுலயும் மானிட்டரு உண்டு எக்கா. அது வேண்டாதது காட்டினா நாங்க மானிட்டர ஏசமாட்டோம். நோயாளிக்க கையப் பிடிச்சுப் பாப்போம். பிடிச்சுப் பாக்காம விட்டா அது எங்களுக்க தப்பு. கரண்டு போச்சு, மழ பெய்துன்னு எல்லாம் எழுத ஒக்காது.”

அவ்வளவுதான் சொன்னாள். சாயா குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிடக்கூட இல்லை.

இரண்டு நாள் என் வீட்டில் யாரும் என் பக்கத்தில் வரவில்லை. தேங்காய் வெட்டுகிறவனைத் திட்டினேன், பால்காரனைத் திட்டினேன். ஆகாசத்தின் தப்பு என்று நான் சொன்னதுதான் அந்தக் குற்றியை இன்னும் ஆழமாக இறக்கியிருக்கிறது. தெய்வம் அடித்த குற்றியை ஒரு பேக்கரிக்காரன் எப்படிப் பிடுங்குவான்? மனுஷி அடிக்க வைத்த குற்றி என்றால் பிடுங்கலாம். அதை அந்த மனுஷி சொல்லவேண்டும். ஆசாரியின் முன்னால் சொல்லவேண்டும். நாலு நாள் முன்பு இருபது பேர் சிரிக்க அவருடைய கண்ணைப் பழசு என்றவள் நான்.

புதன்கிழமை நாலு மணிக்கு எல்லாரையும் அந்த இடத்துக்கு வரச் சொன்னேன். நர்ஸும் புருஷனும் வந்தார்கள். தெற்கு மனைக்காரி அரை நாள் லீவு போட்டு வந்தாள். என் கருவியில் உள்ள பதிவை வாங்கத்தான் வந்தாள், வேறு எதற்கும் இல்லை. ஆசாரி ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை.

“எல்லாரும் கேளுங்க. புயலு உள்ளதுதான். அது ஆகாசத்துக்க வேல. ஆனா புயலு அடிக்குது, என்ன நம்பாதேன்னு மெஷீன் எனக்கு எழுதிக் காட்டிச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு, கிட்டியாச்சுன்னு பொய் சொன்னேன். அந்தக் கல்லுல ஒருக்க வச்சுப் பாத்திருந்தா அப்பமே தெரிஞ்சிருக்கும். வைக்கல்ல. மேஸ்திரி சொன்னாரு. கேக்கல்ல. தெய்வத்துக்கும் இந்தக் குற்றிக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. தப்பு எனக்க.”

ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“எத்தர பிசகு சாறே?”

“ஒரு மீட்டரு எட்டு.”

“எனக்கு மீட்டரு தெரியாது. கோலுல சொல்லுங்க.”

“உமக்குத் தெரியும்லா.”

“தெரியும். நிங்க சொல்லிக் கேக்கணும்.”

“ஒண்ணரைக் கோலு.”

“எந்தப் பக்கம்?”

“தெக்க. மதி ஓய், போதும்.”

“மதி,” என்றார். சிரிக்கவில்லை. ஆனால் மீசைக்குக் கீழே சிரிப்பு இருந்தது. அப்புறம் புருஷன்காரனைப் பார்த்துச் சொன்னார். “பிள்ளே, குற்றின்னா அவனவன் மண்ணுல அடிக்கணும். அடுத்தவன் மண்ணுல நிக்குதது குற்றி இல்ல, ஆடு கெட்டுத கம்பு. அதப் பிடுங்க நேரமும் வேண்டாம், காலமும் வேண்டாம்.”

அவனுக்கு அது உறைத்தது. இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. “அப்ப அண்ணைக்கு ஜெபிச்சது?”

“அது எனக்க வீட்டுக்கு இருக்கட்டு அண்ணா,” என்றாள் தெற்கு மனைக்காரி. “நானும் அடுத்த வருசம் வீடு கெட்டத்தான் போறேன்.”

முதலில் சிரித்தது நர்ஸ். அந்தப் பெண் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் சிரித்த பிறகு புருஷன்காரனால் முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆசாரி குனிந்து ஒரே இழுப்பில் குற்றியைப் பிடுங்கி எறிந்தார்.

பிறகு இரண்டு விதமாகவும் அளந்தோம். ரோட்டோரக் கல்லில் டேப்பின் நுனியை நர்ஸ் பிடித்தாள். மறுநுனி ஆசாரியிடம். என் கம்பில் ஃபிக்ஸ் வந்ததும், திரையை நான் மட்டும் பார்க்காமல் நர்ஸைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசித்தாள். ஆசாரி குறித்த இடத்துக்கும் நான் குறித்த இடத்துக்கும் நடுவில் ஒரு விரல்தான். யார் இடத்தில் அடிப்பது என்று அதற்கும் ஒரு சண்டை போட்டோம். அவர் இடத்தில்தான் அடித்தோம். புருஷன்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “புதனாழ்ச்ச ராகுகாலம் உச்சையோட கழிஞ்சு,” என்றார் ஆசாரி, அவன் கேட்காமலே. போதகர் இல்லாததால் நான் ஜெபித்தேன். சுருக்கமாக ஜெபித்தேன். எனக்கு நீளமாக வராது.

பதிவை வாங்கிக்கொண்டே தெற்கு மனைக்காரி இன்னொன்றும் சொன்னாள். புயல் கழிந்தால் மேலே உள்ள காற்று பழைய சூட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடாதாம். சூடேறும்போது அங்கே உண்டாகிற ஏதோ ஒரு வாயு வெப்பத்தை அள்ளி வெளியே எறிந்துகொண்டே இருக்குமாம். அதனால் சில நாள் முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகக் குளிர்ந்து கிடக்குமாம்.

“நம்ம சாறப் போல,” என்றார் ஆசாரி.

வியாழன் காலை கல் விழுந்தது. போதகர் வந்தார், அன்று அவருக்கு வேறு கல்யாணம் இல்லை, ஆதலால் ஜெபம் அரை மணி நேரம் போயிற்று. நர்ஸ் கல்லை இரண்டு கையாலும் பிடித்து வைத்தாள். ஆசாரி அறைகளுக்கெல்லாம் நூல் கட்டியிருந்தார். வெள்ளை நூல்தான் சுவர். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நூலுக்குள் நடந்தாள். வாசல் வருகிற இடைவெளி வழியாகத்தான் நுழைந்தாள். நூலைத் தாண்டவே இல்லை. இது ஹால், இது அம்மைக்க முறி, இது எனக்க முறி என்று ஒவ்வொன்றாகப் போய் நின்றாள். அடுக்களை வருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து, அங்கே இருந்துகொண்டே எல்லாருக்கும் சாயா ஊற்றினாள். புருஷன்காரன் ஒரு அறையை நேராகக் கடந்து வர, “அது சுவரு, சுத்தி வாங்க,” என்று திருப்பி அனுப்பினாள். அவனும் சுற்றித்தான் வந்தான்.

நான் சாயாவை வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றேன். யாரையும் திட்டவேண்டிய வேலை அன்று இல்லை. கை காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

“எக்கா,” என்று அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். “அங்க நிண்ணுட்டு சாயா குடிக்கப்பிடாது. அது கக்கூஸு ஆக்கும். உள்ள வாங்க.”

நூலைச் சுற்றி, வாசல் வழியாக உள்ளே போனேன்.